வீட்டுத்தோட்டம்: காய்க்காத தேசியும் பச்சையாகவே பழுக்கும் தோடையும்



இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களை இம்முறை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது பாதிக்கு மேல் தோடை, தேசி, நாரத்தை பற்றியவையாகவே இருந்தன. வவுனியா, கிளிநொச்சி, வாகரை என்று பல இடங்களிலிருந்தும், இங்கே ஊவாத் தோட்ட லயங்களிலிருந்தும் எழுதியிருக்கிறீர்கள். மலையில் நாங்கள் எலுமிச்சை என்போம், வடக்கு கிழக்கில் நீங்கள் தேசிக்காய் என்பீர்கள். பெயர் எதுவானாலும் கேள்விகள் இரண்டுதான். மரம் ஏன் காய்க்கவில்லை? காய்த்தாலும் ஏன் பழுக்கவில்லை? தனித்தனியே பதில் எழுத இடம் போதாது. ஆகவே இந்த மாதம் முழுவதும் இதற்கே.

இரண்டாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன். அதில்தான் உங்கள் கைக்கு வரவேண்டிய காசு போகிறது.

வவுனியாவிலிருந்து ஒரு சகோதரி எழுதுகிறார். முற்றத்தில் ஒரு தோடை மரம். காய் நன்றாகப் பெருத்துவிட்டது, நிறம் மட்டும் மாறவில்லை. வாங்க வந்த வியாபாரி "இது இன்னும் காய்தான், அரை விலை தருகிறேன்" என்று சொல்லி ஒரு மூட்டையைக் கொண்டுபோய்விட்டார். அடுத்த போகத்தில் நிறம் வரட்டும் என்று மரத்திலேயே விட்டு வைத்தாராம். நிறமும் வரவில்லை, பழத்தில் சாறும் இல்லை, சக்கையாகிவிட்டது. "என் மரத்துக்கு என்ன நோய்?" என்று கேட்கிறார். இரண்டு பிள்ளைகளின் கொப்பி, புத்தகச் செலவு அந்த மரத்திலிருந்துதான் வருகிறதாம்.

உங்கள் மரத்துக்கு நோய் எதுவும் இல்லை, சகோதரி. தோடையின் தோல் மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ மாறுவதற்கு இரவுக் குளிர் வேண்டும். இரவில் வெப்பநிலை 13 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கினால்தான் தோலிலுள்ள பச்சை நிறம் கலைந்து உள்ளே இருக்கும் மஞ்சள் வெளியே தெரியும். வவுனியாவில் அப்படிக் குளிர்வது ஏது? ஆயிரம் மீற்றருக்கு மேலே இருக்கிற எங்கள் வெலிமடையில் மார்கழி, தை இரவுகளில் அந்தக் குளிர் சில நாட்களுக்குக் கிடைக்கும். அதனால் இங்குள்ள பழத்தில் கொஞ்சம் நிறம் ஏறுகிறது. இதே ஊவா மாகாணத்தில், மலையிறங்கி மொனராகலை மாவட்டத்துக்குப் போனால் பிபிலை இருக்கிறது. இலங்கையிலேயே பேர்போன தோடை பிபிலைத் தோடைதான். அது நன்றாகப் பழுத்த பிறகும் பச்சையாகவோ பச்சை கலந்த மஞ்சளாகவோதான் இருக்கும். இனிப்புக்குக் குறைவில்லை. கடைகளில் பளபளக்கும் இறக்குமதித் தோடைகள் குளிர் நாடுகளில் நிறம் ஏறியவை, அல்லது பறித்த பிறகு எதிலீன் வாயு அறையில் வைத்து நிறம் ஏற்றியவை. அந்த நிறத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நம்முடைய பழம் காயாகத் தெரிகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாழையையும் மாம்பழத்தையும் போல தோடை பறித்த பிறகு பழுக்காது. வாழைக்காயில் மாச்சத்து நிறைய இருக்கிறது. பறித்த பின் அது சீனியாக மாறுகிறது. தோடையில் அப்படிச் சேமிப்பு எதுவும் இல்லை. மரத்தில் இருக்கும்போது ஏறிய இனிப்பு எவ்வளவோ அவ்வளவுதான். வைக்கோலில் புதைத்தாலும், புகை போட்டாலும், யாராவது சொன்னதைக் கேட்டுக் கார்பைட்டு வைத்தாலும் தோலின் நிறம் மாறலாமே தவிர உள்ளே புளிப்பு புளிப்பாகத்தான் இருக்கும். கார்பைட்டு உடம்புக்கும் கேடு, பக்கத்திலேயே போகாதீர்கள்.

அப்படியானால் பழுத்ததை எப்படி அறிவது? மரம் பூத்த மாதத்தை வீட்டுக் கலண்டரில் குறித்து வையுங்கள். தேசிக்காய் பூவிலிருந்து ஏறத்தாழ ஐந்து, ஆறு மாதத்தில் வரும். தோடைக்கு எட்டு முதல் பத்து மாதம் எடுக்கும், குளிர் இடங்களில் அதையும் தாண்டும். அந்த நாள் நெருங்கும்போது கரும்பச்சை வெளிறி இளம்பச்சையாகும். தோலில் உள்ள சின்னச் சின்னக் குழிகள் தட்டையாகி, தோல் வழவழப்பாகும். கையில் எடுத்தால் அளவுக்கு மிஞ்சிய கனம் தெரியும். அதன் பிறகு மரத்தின் வெயில் பக்கத்தில் ஒன்று, நிழல் பக்கத்தில் ஒன்று என இரண்டு பழத்தை வெட்டி வாயில் போட்டுப் பாருங்கள். வியாபாரி வந்தால் அவர் முன்னாலேயே ஒன்றை வெட்டிக் கொடுங்கள். தின்று பார்த்துவிட்டு "காய்" என்று சொல்ல அவருக்கு வாய் வராது. "பிபிலைத் தோடையும் இந்த நிறம்தானே, அதற்கு என்ன விலை கொடுக்கிறீர்கள்?" என்றும் கேளுங்கள். விலை பேசுவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

பழுத்ததை மரத்திலேயே வைத்துக்கொண்டு நிறத்துக்காகக் காத்திருந்தால்தான் சாறு வற்றிச் சக்கையாகிறது. இளமரமாக இருந்து தழைத்துத் தழைத்து வளர்கிற மரத்திலும், தண்ணீரும் பசளையும் மிஞ்சிப்போன மரத்திலும் இது கூட வரும். பறிக்கும்போது பிடுங்காதீர்கள். காம்பு பிய்ந்த இடத்தால் அழுகல் நுழையும். கத்தரியாலோ கத்தியாலோ காம்புடன் வெட்டுங்கள். விடியப் பனியிலும் மழை ஈரத்திலும் பறிக்கக் கூடாது. அந்த நேரம் தோல் நீர் ஏறி விறைத்திருக்கும். சின்ன அழுத்தத்திலேயே தோலெண்ணெய் வெளியேறி, மறுநாள் பழத்தில் கருகிய திட்டுக்கள் தெரியும். வெயில் ஏறிய பிறகு பறியுங்கள்.

இனிக் காய்க்காத மரங்களின் கதை.

வாகரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். விதை போட்டு முளைத்த தேசி மரம். ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து, கறுப்புப் பச்சையாக இலை தள்ளி நிற்கிறதாம். ஐந்து வருடமாகியும் ஒரு பூ இல்லை. தினமும் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுகிறார். அடுப்படிக் கழுவு தண்ணீரும் அங்கேதான் போகிறது. உறவினர்கள் சொல்கிறார்களாம்: "தாலி இழந்தவள் தண்ணி ஊற்றினால் தேசி காய்க்குமா?" அதைக் கேட்டு இப்போது மகளை விட்டு ஊற்றுவிக்கிறாராம்.

சகோதரி, இந்தப் பேச்சு உங்கள் ஊரில் மட்டும் இல்லை. மாதவிலக்கு நாளில் தேசியைத் தொட்டால் பட்டுப்போகும், கறிவேப்பிலையைத் தொட்டால் கருகிப்போகும் என்று எங்கள் லயங்களிலும் சொல்வார்கள். இந்த மலையில் தேயிலைக் கொழுந்தைக் கிள்ளுகிற கைகள் மாதத்தின் முப்பது நாளும் பெண்களின் கைகள்தான். அவர்களில் கணவனை இழந்தவர்களும் இருக்கிறார்கள். அதனால் எந்த மலையும் கொழுந்து விடாமல் நின்றதில்லை. காய்க்காத மரத்தை "மலட்டு மரம்" என்று சொல்வதும் எனக்குப் பிடிப்பதில்லை. அந்தச் சொல் மரத்தோடு நிற்பதில்லை, வீட்டுக்குள்ளும் வந்துவிடுகிறது.

உங்கள் தேசி பூக்காததற்குக் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. முதலாவது வயது. விதையிலிருந்து வந்த தேசி நான்கு, ஐந்து வருடமாவது கழிந்துதான் பூக்கும். தோடையானால் ஏழு, எட்டு, சில வேளை பத்து வருடமும் எடுக்கும். ஒட்டுக்கன்று என்றால் இரண்டு, மூன்று வருடத்தில் பூக்கத் தொடங்கும். அது ஏற்கெனவே காய்த்த முதிர்ந்த மரத்தின் மொட்டு, அதனால்தான். இரண்டாவது, உங்கள் அன்பு. ஆம், தண்ணீர் மிஞ்சிவிட்டது. தேசி, தோடை வகைகள் பூக்க வேண்டுமானால் ஒரு குளிரோ ஒரு வரட்சியோ அவற்றை நிறுத்திப் பிடிக்க வேண்டும். வளர்ச்சி கொஞ்சம் தடைப்பட்டு, பிறகு தண்ணீர் கிடைக்கும்போதுதான் மொட்டு வரும். நித்தமும் தண்ணீரும் சாப்பாடும் கிடைக்கிற மரம் இலையைத்தான் தள்ளும்.

மட்டக்களப்பில் கச்சான் காற்று எப்படி வீசும் என்று உங்களுக்குத் தெரியும். அதே காற்று ஆனியிலிருந்து ஆவணி வரை ஊவாவிலும் வரண்டு வீசும். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பேர் வாங்கிக் கொடுக்கும் விசேட வாசனை அந்தக் காலத்துக் கொழுந்தில்தான் வருகிறது. தேசிக்கும் அதுவே நல்ல காலம். அந்த வரட்சியில் நன்கு வளர்ந்த மரத்துக்கு மூன்று, நான்கு கிழமைக்குத் தண்ணீரை நிறுத்துங்கள். நடுப்பகலில் இலை சற்றுச் சுருண்டு, மாலையில் நிமிர்ந்தால் சரியான அளவு. மாலையிலும் நிமிராமல் இலை உதிரத் தொடங்கினால் எல்லை தாண்டிவிட்டது, உடனே ஊற்றுங்கள். பிறகு நன்றாக நனைய ஊற்றி, தொடர்ந்து ஈரம் வைத்திருந்தால் மூன்று, நான்கு கிழமையில் பூ எதிர்பார்க்கலாம். இது நான் கண்டுபிடித்த வித்தை அல்ல. நாக்பூர்த் தோடைத் தோட்டங்களில் இப்படித் தண்ணீர் நிறுத்திப் பூக்க வைப்பது பழைய வழக்கம். இத்தாலியின் சிசிலித் தீவிலும் எலுமிச்சை மரத்தைக் கோடையில் காயவிட்டு, பிறகு நீர் பாய்ச்சி, அடுத்த கோடையில் நல்ல விலைக்குக் காய் எடுப்பார்கள். சின்னக் கன்றுக்கும் நோயுற்ற மரத்துக்கும் மட்டும் இதைச் செய்ய வேண்டாம்.

கழுவு தண்ணீரை வேறு பக்கம், வாழைக்குத் திருப்பிவிடுங்கள். தேசியின் வேர் எப்போதும் நனைந்திருந்தால் அடிமரம் அழுகி, பட்டை வெடித்துப் பிசின் வடியும். அப்படி வடிந்தால் பழுதான பட்டையைச் சுரண்டி எடுத்துவிட்டு, 100 கிராம் மயில்துத்தம், 100 கிராம் சுண்ணாம்பு, ஒரு லீற்றர் தண்ணீர் சேர்ந்த போர்டோப் பசையைப் பூசுங்கள். பிளாஸ்டிக் வாளியில் கலக்க வேண்டும், இரும்பில் கூடாது. மயில்துத்தம் நஞ்சு, மிச்சத்தைப் பிள்ளைகள் எட்டாத இடத்தில் வையுங்கள்.

தண்ணீரை மகளிடம் கொடுத்தது போதும். நீங்களே ஊற்றுங்கள், ஆனால் குறைத்து.

தோட்ட லயங்களில் உள்ளவர்களுக்கு வேறு விதமான சிக்கல். தேயிலைக்குப் போடும் பசளையில் ஒரு சுண்டு கிடைத்தால் அதைத் தோடைக்குப் போடுகிறீர்கள். தேயிலையில் நமக்கு வேண்டியது இலை, அதனால் அந்தக் கலவையில் தழைச்சத்து மிகுதி. அதையே தோடைக்குக் கொட்டினால் தோடையும் தேயிலை போல இலையாகத்தான் வளரும். காய்த்தாலும் தோல் தடித்து, உள்ளே சுளை சிறுத்திருக்கும். உருளைக்கிழங்குப் பாத்தி ஓரத்தில் நிற்கும் வெலிமடைத் தோடைகளிலும் இதைப் பார்க்கிறேன். இன்னொன்று, தேயிலை மண் புளித்த மண். தேயிலைக்கு அந்தப் புளிப்பு பிடிக்கும், தோடைக்குப் பிடிக்காது. மலையில் கவ்வாத்து வெட்டிய பிறகு டொலமைட் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் இரண்டு கை அள்ளி, மரத்தின் கிளை நுனி விழும் வட்டத்தில் தூவி, மேலே கூட்டெரு பரப்பினால் மண்ணின் புளிப்பும் குறையும், மக்னீசியச் சத்தும் கிடைக்கும். பசளையும் டொலமைட்டும் ஒரே நாளில் போடாதீர்கள், சில கிழமை இடைவெளி விடுங்கள். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் திடீரென நிறுத்தி, அந்த வருடக் கடைசியிலேயே தடையை விலக்கியது நினைவிருக்கும். அப்போது மரக்கறிக்காரர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கூட்டெருவில் நின்ற வீட்டு மரங்களுக்கு அந்தக் கவலை இருக்கவில்லை.

தோடை வேர் ஆழமாகப் போவதில்லை. சாப்பாடு எடுக்கும் வேரில் பெரும்பகுதி மேலே ஒன்று, ஒன்றரை அடிக்குள் இருக்கிறது. ஆகவே மண்வெட்டியால் கொத்திப் பசளை புதைக்க வேண்டாம். மேலே பரப்பி, சருகால் மூடினால் போதும். சருகு அடிமரத்தில் முட்டாமல் ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். மீள்குடியேறிய காணிகளில் இருக்கும் சகோதரிகளுக்கு இதை இரட்டிப்பாகச் சொல்கிறேன். கண்ணிவெடி அகற்றி முடிந்தது என்று உறுதியாகத் தெரியாத இடத்தில் ஒரு மரக்குழிக்காகவும் மண்ணைக் கிண்டாதீர்கள். சந்தேகப் பொருள் கண்டால் தொடாமல் கிராம சேவகருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

பல வருடம் ஆளில்லாமல் கிடந்த வளவுகளில் இன்னொரு வேடிக்கை நடக்கும். ஒட்டுத் தோடை ஒன்று நின்றிருக்கும். ஒட்டுக்குக் கீழே அடிக்கன்றின் முளை கிளம்பி, முள் நிறைந்து, மேலே உள்ள நல்ல மரத்தை அமுக்கிவிட்டிருக்கும். திரும்பி வந்தவர்கள் "நல்ல இனிப்புத் தோடை, இப்போது புளித் தோடையாக மாறிவிட்டது" என்கிறார்கள். மாறவில்லை, அது வேறு மரம். அடியில் பாருங்கள். ஒட்டு வடு தெரிந்து, அதற்கு மேலே நல்ல கிளை ஒன்றாவது உயிரோடு இருந்தால், கீழ் முளைகளை அடியோடு வெட்டி நல்லதை மீட்கலாம். வடுவுக்கு மேலே எல்லாம் பட்டுப்போயிருந்தால் அந்த வேரில் திரும்பவும் ஒட்டலாம், அல்லது புதுக்கன்று வைக்கலாம்.

பூக்கிறது, எல்லாம் கொட்டிப்போகிறது என்று எழுதியவர்கள் நான்கு பேர். முதலில் பயத்தை விடுங்கள். தோடை ஆயிரம் பூ பூத்தால் பத்து, இருபது, மிஞ்சினால் முப்பதுதான் பழமாக நிற்கும். மற்றது கொட்டுவது மரத்தின் கணக்கு. பூவும் கொட்டி, பட்டாணி அளவு பிஞ்சும் முழுதாகக் கொட்டினால்தான் காரணம் தேட வேண்டும். பெரும்பாலும் அது தண்ணீர்தான். பூக்க வைக்க வரட்சி வேண்டும், பூத்த பிறகு வரட்சி கூடாது. பிஞ்சு பிடித்த காலத்தில் கிணறு வற்றினால் மரம் பிஞ்சை உதிர்த்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். உமா ஓயாத் திட்டச் சுரங்கத்தில் 2014 கடைசியில் நீர் கசிந்த பிறகு பண்டாரவளைப் பக்கம் பல கிணறுகள் வற்றின. வன்னியிலும் கோடையில் குடிக்கிற தண்ணீருக்கே தட்டுப்பாடு. அப்படிப்பட்ட இடத்தில் பத்து மரத்துக்கு ஆசைப்படாமல் இரண்டு மரத்தைக் கவனியுங்கள். குளித்த தண்ணீர், சவர்க்காரம் அதிகமில்லாமல், வட்டத்தின் ஓரத்தில் ஊற்றலாம். சருகு மூடாக்கு பாதித் தண்ணீரை மிச்சம் பிடிக்கும்.

நீண்ட வரட்சிக்குப் பிறகு ஒரே அடியாக மழை கொட்டினால் பழம் வெடிக்கும். அதற்கும் மருந்து மூடாக்குதான். முற்றிய பழத்தில் ஊசிக்குத்துப் போல ஒரு துளை, சுற்றிலும் மெதுவாகி விழுகிறதென்றால் இரவில் வரும் பழம் குத்தும் அந்துப்பூச்சியாக இருக்கும். உள்ளே புழு நெளிந்தால் பழ ஈ. மருந்தடிக்க வேண்டாம். பழைய பத்திரிகைத் தாளில் பை ஒட்டி, முற்றுகிற பழத்தைக் கட்டுங்கள். விழுந்ததைப் பொறுக்கி ஆழப் புதையுங்கள், அல்லது கறுப்புப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் வையுங்கள். அப்படியே விட்டால் அந்தப் புழுதான் அடுத்த ஈ. இளங்கொழுந்தைத் தின்னும் பச்சைப் புழு, பறவை எச்சம் போன்ற குஞ்சுப் புழு இரண்டும் ஒரே வண்ணத்துப்பூச்சியின் பிள்ளைகள். சின்ன மரத்தில் கையால் பொறுக்கினாலே தீரும்.

இனி எனக்குக் கொஞ்சம் தயக்கமான விடயம்.

கிளிநொச்சியிலிருந்து ஒரு சகோதரி. வீட்டுப் பின்பக்கத் தோடையைக் கணவர் வைத்தாராம். 2009 இல் காணாமல் போனவர் இன்றுவரை வரவில்லை. மரத்தின் இலைகள் மஞ்சளாகிச் சிறுத்துக்கொண்டே வருகின்றன. பக்கத்து வீட்டார் "அது கொள்ளை நோய், வெட்டிவிடு, எங்கள் மரத்துக்கும் வரும்" என்கிறார்களாம். கடிதத்துக்குள் ஆறு இலைகளைக் காயவைத்து மடித்து அனுப்பியிருக்கிறார்.

அயலவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பச்சைப்பழ நோய் என்று ஒன்று இருக்கிறது, இலங்கையிலும் இருக்கிறது. சின்னஞ்சிறு தாவிப் பூச்சி ஒன்று மரத்துக்கு மரம் கொண்டுபோகும் பற்றீரியா அது. அமெரிக்காவின் புளோரிடாவில் 2005 இல் அந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது. 2003-04 இல் 242 மில்லியன் பெட்டி தோடை பறித்த மாநிலம், 2022-23 இல் சுமார் 16 மில்லியன் பெட்டிக்கு வந்துவிட்டது. சூறாவளியும் அதில் பங்கெடுத்தது, ஆனால் பெரிய காரணம் இந்த நோய். நோய் பிடித்த மரத்துக்கு இன்றுவரை சுகப்படுத்தும் மருந்து கிடையாது.

ஆனால் மஞ்சள் இலை எல்லாம் அந்த நோய் அல்ல. இலையை நடு நரம்போடு இரண்டாக மடியுங்கள். இரண்டு பக்கத்து மஞ்சளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தினால் அது சத்துக் குறைவு. நரம்பு பச்சையாகவும் இடையில் மஞ்சளாகவும், இளம் இலை ஒடுங்கியும் இருந்தால் நாகச்சத்துக் குறைவு. முதிய இலையில், காம்புப் பக்கம் மட்டும் கவிழ்த்த வி எழுத்துப் போலப் பச்சை மிஞ்சி, மற்றது மஞ்சளானால் மக்னீசியக் குறைவு. மடித்தால் பொருந்தாமல், ஒரு பக்கம் ஒரு விதம், மறுபக்கம் வேறு விதம் எனத் திட்டுத் திட்டாக இருந்தால்தான் பச்சைப்பழ நோயைச் சந்தேகிக்க வேண்டும். அதோடு பழமும் சாட்சி சொல்லும். பழம் சிறுத்து, ஒரு பக்கம் கோணி, காம்புப் பக்கம் நிறம் மாறியும் அடிப்பக்கம் பச்சையாகவும் நிற்கும். வெட்டினால் விதை கறுத்துச் சப்பையாக இருக்கும், சாறு கசக்கும்.

நீங்கள் அனுப்பிய ஆறு இலைகளையும் மடித்துப் பார்த்தேன், சகோதரி. ஆறும் பொருந்துகின்றன. நரம்பு பச்சை, இடையில் மஞ்சள், இலை ஒடுங்கல். நாகச்சத்துக் குறைவு என்றே எனக்குத் தெரிகிறது. ஒரு லீற்றர் தண்ணீரில் 5 கிராம் சிங்க் சல்பேட்டும் 2.5 கிராம் நீறிய சுண்ணாம்பும் கரைத்து, வடித்து, புதுக்கொழுந்து பாதி விரிந்த நேரத்தில் மாலையில் இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளியுங்கள். ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை. புது இலை பச்சையாக வர வேண்டும். பழைய இலை மாறாது, அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். காய்ந்த இலையில் எல்லாம் தெரியாது. ஆகவே உங்கள் கமநல சேவை நிலையத்துக்குப் போய், விவசாயப் போதனாசிரியரை ஒரு முறை வீட்டுக்கு வந்து மரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அயலவரையும் அந்த நேரம் கூப்பிடுங்கள், அவர்களும் காதால் கேட்கட்டும். அதுவரை மரத்தில் கத்தி வைக்க வேண்டாம்.

பதுளைப் பக்கத் தோட்டத்திலிருந்து வந்த மற்றக் கடிதத்துக்கு அதே பதிலைச் சொல்ல முடியவில்லை. இலை பொருந்தவில்லை. பழம் கோணல், விதை சப்பை, கசப்பு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நீங்களும் போதனாசிரியரிடம் காட்டுங்கள். அவரும் அதையே சொன்னால் மரத்தை வெட்டி எரிக்கத்தான் வேண்டும். வெட்டுவதற்கு முன் அதிலிருந்து யாரும் கிளை கேட்டால் கொடுக்காதீர்கள், பதிவைத்தாலும் ஒட்டினாலும் நோய் கூடவே போகும். அந்தத் தாவிப் பூச்சி கறிவேப்பிலையிலும் வாழும். பக்கத்தில் கறிவேப்பிலை இருந்தால் அதன் கொழுந்தை அடிக்கடி ஒடித்துச் சமையலுக்கு எடுத்துவிடுங்கள். பூச்சி முட்டையிடுவது இளங்கொழுந்தில்தான். நன்றாக அலசிவிட்டுச் சட்டியில் போடுங்கள்.

புதுக்கன்று வாங்குவோர் விவசாயத் திணைக்களம் பதிவு செய்த நாற்றுமேடையில் வாங்குங்கள். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கன்றின் தாய்மரம் எதுவென்று விற்பவருக்கே தெரியாது. மலையிலிருந்து வன்னிக்கு உறவினர் வீட்டுக்குப் போகும்போது கன்று கொண்டுபோகிற பழக்கம் நம்மிடம் உண்டு. 1977 இலும் 1983 இலும் இங்கிருந்து அடிபட்டுப் போய் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடியேறியவர்களின் சொந்தங்கள் இன்னும் போய்வருகிறார்கள். கன்றுக்குப் பதிலாக விதை கொண்டுபோங்கள். தேசி, தோடை, நாரத்தை விதையிலிருந்து வரும் கன்று பெரும்பாலும் தாயைப் போலவே இருக்கும். ஒரு விதையில் இரண்டு, மூன்று முளை வரும், வலுவானதை வைத்து மற்றதைக் கிள்ளிவிடலாம். பம்பளிமாசு மட்டும் அப்படி அல்ல, விதையில் என்ன வரும் என்று சொல்ல முடியாது. விதையை வெயிலில் காயவிட்டால் செத்துவிடும். பழத்திலிருந்து எடுத்து, கழுவி, ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுபோய், போய்ச் சேர்ந்த கிழமையிலேயே ஊன்றிவிடுங்கள்.

பிபிலையிலிருந்து எழுதிய சகோதரிக்கு: ஒரு வருடம் கிளை முறிய, அடுத்த வருடம் வெறும் மரம் என்றீர்கள். காய் மிஞ்சிய வருடத்தில் பிஞ்சு கோலிக்குண்டு அளவில் இருக்கும்போதே மூன்றில் ஒன்றைக் கிள்ளிவிடுங்கள். பறித்து முடிந்ததும் ஒரு கூடைக் கூட்டெரு கூடுதலாகப் போடுங்கள். அடுத்த வருடமும் கொஞ்சம் நிற்கும்.

தேசிக்காய் மலிந்து விலை விழுந்த நேரத்தில் உப்பிலிட்டு வைக்கும் முறையைப் பல பேர் கேட்டிருக்கிறீர்கள். அதை அடுத்த இதழில் எழுதுகிறேன். அதற்குள் மூடி இறுகப் பூட்டும் கண்ணாடிப் போத்தல்கள் இரண்டு, மூன்றைக் கழுவி வெயிலில் காயவைத்து எடுத்து வையுங்கள். இலை அனுப்புகிறவர்கள் கடதாசிக்குள் வைத்து நன்றாகக் காய்ந்த பிறகு அனுப்புங்கள், பச்சையாக அனுப்பினால் வழியிலேயே பூஞ்சணம் பிடித்துவிடுகிறது.